நூல்நிலையத்தை வகுப்பறையாக்கிய சீர்காழி இரங்கநாதர்

மாணாக்கனுக்கு ஒரு பொருளை அறிவித்தல் ஒன்று. அப்பொருளை அவன் தானே தேடியறியும் வழியைக் காட்டுதல் பிறிதொன்று. முன்னையது நம் பாடசாலைகளில் நாடோறும் நிகழ்வது. பின்னையதோ அருமையாக நிகழ்வது. பரீட்சைக்கு வேண்டிய குறிப்புக்களை உபாத்தியாயர் சொல்ல, மாணாக்கர் அவற்றைக் கொப்பிகளில் எழுதி, நெட்டுருப்பண்ணி, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுதல் யாவர்க்கும் கண்கூடு. அங்ஙனம் பயின்ற பிள்ளைக்குப் பாடசாலையை விட்டு நீங்கியபின் ஓரையம் நேருமாயின் அவன் யாது செய்வான்? எதிர்ப்பட்டவர் கூறுவதை அப்படியே நம்புவான். அன்றேல் ஐயத்தை ஐயமாகவே விட்டொழிவான். இக்குறையை நன்குணர்ந்து, அதனை நீக்குதற்பொருட்டுத் தம் வாழ்நாளிலே ஏறக்குறைய ஐம்பதாண்டுகளை நூல்நிலையத் தொண்டிற் செலவிட்ட கணித ஆசிரியர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம். அவர் சீர்காழி இராமாமிருதம் இரங்கநாதர் ஆவர்.

தஞ்சை ஜில்லாவைச் சார்ந்திருந்த சீர்காழியிலே 1892ஆம் ஆண்டு ஆங்கில ஓகஸ்ட் மாதத்தில் இரங்கநாதர் பிறந்தார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவவதாரஞ் செய்த அவ்வூரை நம்மவர் அறியாதிரார். தந்தையார் இராமாமிருத ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். இரங்கநாதர்க்கு ஆறு வயது நிரம்புமளவில் தந்தையார் காலஞ்சென்றனர். அதன்பின் பாட்டனார் ஆதரவில் வளர்ந்து, சீர்காழி இந்து உயர்தர பாடசாலையிலே பயின்றார். உடல்நலக் குறைவும் திக்குவாயும் இளமையில் அவரை வருத்தின. ஆயினும் கணிதத்தில் அவர்க்கிருந்த பற்று அவ்விடர்களால் குன்றவில்லை.

பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் சேர்ந்து 1913இல் பி. ஏ. பட்டமும், 1916இல் கணித சாஸ்திரத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவர்க்குக் கணிதங் கற்பித்த எட்வேட் றொஸ் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்து ஆசிரியரைத் தம் வாழ்நாள் முழுதும் குருவாகவே கொண்டு போற்றினார். பிற சமயத்தார் நடாத்திய கலாசாலையொன்றிலே பயின்ற நாமும், அங்ஙனம் பயின்ற பலரும், ஆசிரியர் மாணாக்கர் என்னும் உறவு சமய வேறுபாட்டைக் கடந்து நிற்கும் தன்மையை அநுபவத்தில் அறிவேம். இரங்கநாதரோ தம் ஆசாரத்தை விடாது, ஆசிரியர்பால் வைத்த அன்பையும் விடாது ஒழுகினார்.

1917இல் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயிற்சி முடித்து, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கலாசாலைகளில் கணிதங் கற்பித்து, 1921இல் சென்னை மாகாணக் கலாசாலையை அடைந்தார். அக்காலத்தில் சென்னை ஆசிரியர் சங்கத்தின் காரியதரிசியாகவும் கடமை பார்த்தார். ஆகவே அவரை நூல்நிலையத்தவர் என்று உலகம் கொண்டாடுவதற்கு முன்னரே அவர் நம்மைப்போல ஓர் உபாத்தியாயராயிருந்தார் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக. அவர் பின்னர்ச் செய்தவையெல்லாம் ஓர் ஆசிரியர் செய்தவையே.

1923இல் சென்னைச் சர்வகலாசாலையார் தம் நூல்நிலையத்துக்கு ஓர் அதிபர் வேண்டுமென விளம்பரஞ் செய்தனர். நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். அவருள் ஒருவரேனும் நூல்நிலையத் தொழிலில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். இரங்கநாதரும் பிறர் தூண்டுதலால் விண்ணப்பித்தவரே. நேர்முகத்துக்குச் சில நாள் முன்னர் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தை எடுத்து, நூல்நிலையம் என்னுந் தலைப்பிலுள்ள கட்டுரையை வாசித்தார். அத்துறையிலே அவர்க்கிருந்த அறிவு அவ்வளவே. தெரியாத துறையொன்றினைப் பற்றி அறியவேண்டியபோது முதலில் எந்நூலை எடுப்பது என்பதை அவர் அறிந்திருந்தார். இச்சிறு செயலை நாம் இகழ்ந்து கடத்தலாகாது. இன்று நம் பாடசாலைகளில் உயர்வகுப்பு மாணாக்கருள் எத்தனை பேர் இதனைத் தாமே செய்ய அறிவர்?

கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் சில அவர் எழுதியிருந்தமையால் தெரிவு செய்தோர் அவரையே நியமித்தனர். 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் பதவியேற்றார். ஏற்ற சில வாரங்களுக்குள்ளே அத்தொழில் அவர்க்குக் கசந்தது. பேசுவாருமில்லை, கேட்பாருமில்லை, அலுமாரிகளின் நடுவே தனியிருத்தல் மாணாக்கர் கூட்டத்திற் பழகியவர்க்குப் பெருந்துன்பமாயிற்று. தம்மைப் பழைய ஆசிரியப் பதவிக்கே திருப்பிவிடும்படி மேலோரை வேண்டினார். அவர்களோ, இங்கிலாந்துக்குச் சென்று நூல்நிலையங்கள் நடைபெறுமாற்றைப் பார்த்து வருக, வந்தபின்னும் மனம் மாறாதாயின் கணித ஆசிரியப் பதவி உமக்குண்டு என இசைந்தனர். அவ்வாண்டே அவர் கப்பலேறினார்.

இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியைச் சேர்ந்த நூலகப் பயிற்சிப் பள்ளியிலே பேர்விக் சேயர்ஸ் என்பவரிடம் நூற்பகுப்பு முறைகளைக் கற்றார். சேயர்ஸ் குறொய்டன் நகரப் பொது நூல்நிலையத்தின் தலைவராயுமிருந்தவர். இரங்கநாதர் இங்கிலாந்திலே நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளரும், பெண்டிரும், சிறு பிள்ளைகளும் நூல்நிலையத்தினுட் புகுந்து, தாமே தட்டுக்களில் நூல்களைத் தெரிந்தெடுத்து வாசித்தலைக் கண்டார். நூல்நிலையம் என்பது நூல்களைக் காவல் செய்யும் பண்டகசாலையன்று, ஊர் முழுவதற்குமுரிய வகுப்பறையென்பது அவர்க்குப் புலனாயிற்று. கசந்த தொழில் அன்றுமுதல் இனித்தது. 1925இல் திரும்பி வந்தபின் அவர் கணித வகுப்பை நாடவில்லை.

அக்காலத்தில் இந்நாடுகளில் நூல்நிலையங்கள் இருந்த நிலையைச் சிறிது கூறவேண்டும். நூல்கள் பூட்டிய அலுமாரிகளில் இருந்தன. வேண்டியவர் பட்டியலிற் பெயரைக் கண்டு, துண்டெழுதிக் கொடுத்து, ஏவலாளன் எடுத்து வருமளவும் காத்திருத்தல் வேண்டும். நூலின் பெயரை முன்னரே அறியாதவன் யாது கேட்பான்? ஆகவே அறிந்தவனே மேலும் அறிந்தான். அறியாதவன் வாயிலோடு திரும்பினான். இரங்கநாதர் சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையத்திலே தட்டுக்களை வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூல்கள் களவுபோகுமே என்பார்க்கு, சில நூல்கள் போதலினும் பல்லாயிரம் நூல்கள் தீண்டப்படாது கிடத்தலே பெருநட்டமென விடையிறுத்தார்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. இரங்கநாதர் அதன் காரியதரிசியாயினார். அவ்வாண்டிலேயே நூல்நிலையத் தொழில் முழுவதற்கும் அடிப்படையான விதிகள் சில உளவாதல் வேண்டுமென்று அவர் ஆராயத் தொடங்கினார். கணிதம் பயின்றவராதலின், சிற்சில முதற்கோள்களிலிருந்து மற்றெல்லாம் பெறப்படவேண்டுமென்பது அவர் துணிபு. முதல் விதி எதுவென்று பலநாள் கலங்கியிருந்தபோது, பழைய ஆசிரியராகிய றொஸ் அவர்களே அவர் கருத்தைச் சுருங்கிய வாக்கியத்தில் அமைத்துக் கொடுத்தனர். நூல்கள் பயன்படுத்தற்கே உரியன என்பது அது. அது கிடைத்தவுடன் ஏனையவை தொடர்ந்தன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைத்தல் வேண்டும். வாசகரின் காலம் வீணாகாது காக்கப்படல் வேண்டும். நூல்நிலையம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓருயிர் போன்றது. இவ்வைந்தையும் விரித்தெழுதிய நூல் 1931இல் அச்சேறியது. இன்றும் உலகெங்கும் நூலகப் பயிற்சி பெறுவோர் இவ்வைந்து விதிகளையே முதற்பாடமாகக் கற்கின்றனர்.

இலண்டனில் இருந்தபோது ஒரு கடையிலே, சில தகடுகளையும் திருகாணிகளையுங் கொண்டு வண்டி, பாலம், பாரந்தூக்கி எனப் பலவற்றைக் கட்டி விளையாடும் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டிருந்தார். நூற்பொருள்களையும் அவ்வாறே சிறுசிறு கூறுகளாக்கி வேண்டியவாறு இணைக்கலாமே என்னும் எண்ணம் அப்போது தோன்றியது. அவ்வெண்ணமே வளர்ந்து 1933இல் கோலன் பகுப்பு முறையென வெளிவந்தது. முக்காற்புள்ளியாகிய குறியே அங்குத் திருகாணியின் வேலையைச் செய்தது. இந்தியாவில் 1950இல் நுரையீரற் காசநோய்க்குக் கதிர்கொண்டு செய்யுஞ் சிகிச்சை என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். உறுப்பு, நோய், சிகிச்சை, கருவி, தேசம், காலம் என அது தனித்தனிக் கூறாகும். எப்பொருளையும் இங்ஙனம் கூறுபடுத்திக் காணலாமென்று அவர் காட்டினார்.

இதிலே உபாத்தியாயர்க்கு ஒரு பெரும்பயன் உண்டு. மாணாக்கன் ஒருவனிடம் யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி எழுதுக என்றால் அவன் திகைப்பான். எப்பொருள்? புகையிலை. அதன்கண் எத்தொழில்? பயிரிடுதலா, விற்றலா? எவ்விடம்? யாழ்ப்பாணமா, தீவுப்பகுதியா? எக்காலம்? சென்ற நூற்றாண்டா, அதற்கு முந்தியதா? இவ்வாறு வினாவைப் பிரிக்கக் கற்றவன் எந்தத் தட்டுக்குச் செல்லவேண்டும், எந்நூலின் அகராதிப் பகுதியில் எச்சொல்லைப் பார்க்கவேண்டும் என்பவற்றைத் தானே அறிவான். வினாவைச் செம்மையாகக் கேட்கத் தெரிந்தவன் விடையிற் பாதியைப் பெற்றவனாவன்.

1940இல் வெளிவந்த வாசகர்க்குத் துணைசெய்யும் பணியைப் பற்றிய நூலிலே இரங்கநாதர் அப்பணியை நான்காக வகுத்தார். புதிதாக வந்த மாணாக்கனுக்கு நூல்நிலையத்தைப் பழக்கிவைத்தல் முதலாவது. தட்டுக்களின் ஒழுங்கு யாது, பட்டியலைப் பார்ப்பது எவ்வாறு, அகராதியும் கலைக்களஞ்சியமும் எதற்குதவும் என்பவற்றை அவனுக்கு முதலிலேயே காட்டுதல் வேண்டும். இன்னது வேண்டுமென்று தெளியாது வரும் பொதுவாசகர்க்குப் பக்கத்தில் நின்று உதவுதல் இரண்டாவது. ஓராண்டு, ஓர் ஊர், ஒரு பெயர் போன்ற சிறு செய்தியை உடனே தேடிக்கொடுத்தல் மூன்றாவது. ஆராய்ச்சி செய்வார்க்குப் பல நாளேனும் உடனிருந்து பல நூல்களிலும் துருவித் துணைபுரிதல் நான்காவது. நூலையும் வாசகரையும் நேர்முகமாக இணைத்துவைப்பதே நூல்நிலையத்தின் தலையாய கடமை, மற்றையவெல்லாம் அதற்கு ஆயத்தமே என்பது அவர் கொள்கை. 1942இல் பாடசாலை, கலாசாலை நூல்நிலையங்களைப் பற்றியே தனிநூலொன்றும் இயற்றினார்.

இந்நான்கினுள் முதலாவதே நம் கையில் உள்ளது. அது வழுவினால் ஏனைய மூன்றும் பயன்படா.

நூல்நிலையத்தார்க்குப் பயிற்சி வேண்டுமென உணர்ந்து, 1929இல் சங்கத்தின் சார்பில் கோடைகாலப் பள்ளியொன்றைத் தொடங்கினார். சிலவாண்டுகளிற் சர்வகலாசாலையே அதனை ஏற்றது. பட்டணத்தாரோடு அவர் அமையவில்லை. 1931இல் மன்னார்குடியைச் சூழ்ந்த கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் செல்லும் நடமாடும் நூல்நிலையமொன்று கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் முயற்சியால் புறப்பட்டது. அவ்வியக்கத்துக்கு ஊக்கமளித்தவர் இரங்கநாதரே. நூல்நிலையத்துக்கெனச் சட்டம் வேண்டுமென 1930இலேயே காசியிற் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரிச் சட்டமொன்றை முன்வைத்தார். பதினெட்டாண்டு கழித்து, அவினாசிலிங்கஞ் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவது அதுவே. வீட்டுவரியோடு சிறு நூலக வரியுஞ் சேர்த்து ஊர்தோறும் நூல்நிலையம் நிலைபெற அது வழிசெய்தது.

சென்னையை விட்டு நீங்கியபின் 1945இல் காசி இந்து சர்வகலாசாலைக்குச் சென்று, அங்குக் கிடந்த ஏறக்குறைய ஓரிலட்சம் நூல்களை ஒழுங்குபடுத்தினார். 1947இல் டில்லி சர்வகலாசாலையை அடைந்து கற்பித்தார். பின்னர்ச் சிலவாண்டு சுவிற்சர்லாந்து தேசத்துச் சூரிச் நகரில் வசித்தார். எளிய உடையும் எளிய உணவுமே அவர் கொண்டவை. தாம் சேர்த்த பொருளில் ஓரிலட்சம் ரூபாவைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு வழங்கி, மனைவியார் சாரதை அம்மையார் பெயரும் தம் பெயருஞ் சேர நூலகக் கல்விக்கு ஒரு பேராசிரியர் பீடத்தை நிறுவினார். 1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் பதவியும் பெற்றார். 1962இல் பெங்களூரிலே ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமொன்று தோன்றக் காரணராயினார். அந்நகரிலேயே 1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் தேதி, எண்பதாண்டு நிரம்பிய நிலையில், தேகவியோகமானார்.

இவர் சரித்திரம் நமக்குத் தூரத்துச் சரித்திரமன்று. யாழ்ப்பாணத்திலே 1933இல் செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூல்நிலையம் பின்னர் நகரத்தார் அனைவர்க்கும் உரியதாய் வளர்ந்தது. அதற்குப் பெரியதொரு கட்டடம் அமைக்க 1950களில் முயன்றபோது, கட்டட வரைவுக்குச் சென்னைச் சிற்பநிபுணர் நரசிம்மனையும், நூல்நிலைய அமைப்புக்கு இரங்கநாதரையும் ஆலோசகராகக் கொண்டனர். அக்கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் அது தீக்கிரையானதையும், அதனுடன் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பரானதையும் நாம் இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கட்டடம் மீண்டும் எழுந்து 2003இல் திறக்கப்பட்டது. ஆயினும் அச்சாம்பரைக் கண்டு கண்ணீர் விட்ட நாம், நம் பாடசாலை அலுமாரிகளிலே பூட்டிக் கிடக்கும் நூல்களுக்காக இரங்கினேமா? எரிந்த நூலை வாசிக்க இயலாது. பூட்டிய நூலையும் வாசிக்க இயலாது. மாணாக்கனுக்கு இரண்டும் ஒன்றே.

நூல் ஒன்று குறைந்தால் கணக்குப் பரிசோதனையில் பொறுப்பாசிரியரே விடை கூற நேர்கின்றது என்பர். அது உண்மையே; அத்துன்பம் நாமும் அறிந்ததே. நாம் முன்பு கடமை பார்த்த பாடசாலையொன்றிலே, அலுமாரித் திறவுகோல் அதிபரின் மேசையறையில் இருந்தது. ஆண்டுக்கொருமுறை நூல்களை எண்ணுதற்கே அது வெளிவந்தது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அந்நூல்களால் ஒரு பிள்ளையும் பயன்பெறவில்லை. நட்டமாகிய நூலைக் கழித்தற்கு விதிகள் உள. நட்டமாகிய பிள்ளையைக் கழித்தற்கு எவ்விதி உளது?

இக்காலத்திலே கைப்பேசியில் எல்லாம் உண்டு, நூல்நிலையம் எதற்கு என வினவுவாரும் உளர். கைப்பேசி ஒரு வினாவுக்கு ஆயிரம் விடை தருவது மெய்யே. அவ்வாயிரத்துள் எழுதினவர் யார், எப்போது எழுதினார், எதனை ஆதாரமாகக் கொண்டார், பிறர் அதனை ஒப்புகின்றனரா என்று வினவத் தெரியாதவனுக்கு அவை ஆயிரம் மயக்கங்களே. இவ்வினாக்களை எளிதிற் பழக்குமிடம் நூல்நிலையம். நூலின் முகப்பைத் திருப்பினால் ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் தோன்றும். முகவுரை நோக்கங் கூறும். இறுதியிலுள்ள அகராதி வேண்டிய பக்கத்தைக் காட்டும். ஒரு செய்தியை இரண்டு நூல்களில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளை, திரையிற் கண்டதையும் ஒப்பிடாது நம்பான். வாசகரின் காலத்தைக் காக்கவேண்டுமென்ற நான்காம் விதி முன்னையினும் இன்று பன்மடங்கு வேண்டற்பாலது.

ஆகவே உபாத்தியாயர்களே, பெருஞ்செலவின்றி நாம் செய்யத்தக்கன சில உள. புதிய வகுப்பு மாணாக்கரை ஆண்டின் முதல் மாதத்திலேயே நூல்நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஒழுங்கைக் காட்டுக. நூல்நிலையப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதொழிக. வாரத்துக்கு ஒரு வினாவேனும் விடை கூறாது விட்டு, விடையையும் அது கிடைத்த நூற்பெயரையும் பக்கத்தையும் எழுதிவரச் செய்க. இரு நூல்கள் மாறுபடுமிடத்து எது நம்பத்தக்கது, ஏன் என்று மாணாக்கரையே வாதிக்க விடுக. பிள்ளை கேட்ட வினாவுக்கு நமக்கு விடை தெரியாதவிடத்து, அவனை உடன்கொண்டு சென்று தேடுக. ஆசிரியர் தேடுதலைக் காணும் பிள்ளை தேடுதல் இழிவன்றென அறிவான்.

சென்னையில் அலுமாரிகளின் நடுவே தனித்திருந்து வருந்திய கணித ஆசிரியர், வாசகர் உள்ளே வரத் தொடங்கியபின்னரே அத்தொழிலில் இன்பங் கண்டார். நம் பாடசாலைகளில் அலுமாரியின் திறவுகோல் எங்குள்ளது என்பதை நாளைக் காலையே விசாரிப்போமாக.